ஓர் ஆளுக்கு எதற்கு அடுப்பு?

என் வீட்டுப் பரணில் பித்தளை முகத்தல் அளவைகள் நான்கு இருந்தன. படி, உரி, உழக்கு, ஆழாக்கு. திருமணத்தின்போது அம்மா சீராகக் கொடுத்தவை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ராசிபுரம் வட்டாரப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்த நான் வகுப்பில் கற்பித்தது கிராமும் லிட்டரும்தான். வீட்டில் அரிசி அளந்தது உரியில். மாமனார், மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள், நான் என ஆறு பேருக்கு மதியச் சோற்றுக்கு ஓர் உரி. பெரியவர்கள் மறைந்தார்கள். பிள்ளைகள் வேலைக்கும் திருமணத்துக்குமாக வெளியூர் போனார்கள். உரி உழக்காயிற்று. சென்ற ஆண்டு தை மாதம் என் கணவர் மறைந்தார். அதன் பிறகு எடுக்க வேண்டியது ஆழாக்கு. அதை நான் எடுக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பிப் போன பின், பக்கத்து வீட்டு அம்மாள் அக்கறையோடு சொன்னார்: “ஒரு உசுருக்கு எதுக்குங்க டீச்சர் அடுப்பு பத்த வெச்சுக்கிட்டு? கடையில நாலு இட்டிலி வாங்கிக்கிட்டாப் போவுது.” அவர் சொன்னதில் பிழை காண எனக்கு அப்போது தோன்றவில்லை. காலையில் தேநீர், மதியம் கடை இட்டிலி, இரவு தேநீரும் ரஸ்க்கும் என்று மூன்று மாதங்கள் போயின. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாமக்கல்லில் ஒரு மருத்துவரிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 கிராம். பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மருத்துவர் மாத்திரை எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: “நேத்து ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க?” சொன்னேன். “அதுக்கு முந்தின நாள்?” அதையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பாடப்புத்தகத்தில் ஊட்டச்சத்துப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியவள் நான். அன்று வகுப்பில் பதில் தெரியாமல் நிற்கும் பிள்ளையைப் போல் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவருக்காக ஓராண்டு சமைத்ததில் நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். இவற்றில் சில சமையல் குறிப்புகள்; சில, அந்தக் குறிப்புகளுக்குப் பின்னுள்ள காரணங்கள். இது என் ஒருத்தியின் சிக்கல் அல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021ஆம் ஆண்டு முதியோர் அறிக்கையின்படி, தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்து நாட்டிலேயே இதுதான் அதிகம். பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போன தெருக்களில், மாலையில் ஒரே ஒரு அறையில் மட்டும் விளக்கெரியும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான்கால் வகுத்தால் ஏன் சரிவருவதில்லை?

சமையல் புத்தகங்களும் நம் கைப்பழக்கமும் நான்கு பேருக்கோ ஆறு பேருக்கோ என்றே அமைந்தவை. எல்லாவற்றையும் நான்கால் வகுத்துவிட்டால் ஒருவருக்கான அளவு வந்துவிடும் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். முதல் வாரத்தில் இரண்டு பாத்திரங்கள் அடிப்பிடித்தன.

காரணம் எளிய இயற்பியல். கொதிக்கும் பாத்திரத்திலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகும் என்பதை உள்ளே இருக்கும் அரிசியின் அளவு தீர்மானிப்பதில்லை. பாத்திரத்தின் வாயகலமும், தீயின் வேகமும், கொதிக்கும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன. ஆறு பேருக்கான சோறும் ஒருவருக்கான சோறும் வேக ஏறக்குறைய அதே நேரம் ஆகும். ஆகவே ஆவியாகி வெளியேறும் நீரும் ஏறக்குறைய அதேதான். சிறிய அளவில் சமைக்கும்போது, அந்த இழப்பு மொத்த நீரில் பெரும்பங்காகிவிடுகிறது. இதற்கு இரண்டே வழிகள் உண்டு: சிறிய வாயுள்ள, அடிகனத்த பாத்திரம், கணக்குக்கு மேல் அரை டம்ளர் தண்ணீர்.

ஐந்து லிட்டர் குக்கரிலும் இதே கதைதான். கொஞ்சம் நீரை அதில் ஊற்றினால் அகன்ற அடிப்பரப்பில் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அழுத்தம் ஏறுவதற்குள் அடி வறண்டுவிடுகிறது. நான் ஒன்றரை லிட்டர் குக்கர் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் “பேரனுக்குப் பருப்பு வேக வைக்கவாங்க?” என்று கேட்டார். எனக்கு என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

உப்பையும் புளியையும் வகுக்கலாம். தாளிக்கும் எண்ணெயை அப்படி வகுக்க முடியாது. அது கரண்டியின் அடியை நனைத்தாக வேண்டும். ஆகவே குழிந்த சிறிய தாளிப்புக் கரண்டியே ஒற்றை ஆளின் சமையலில் எண்ணெயைக் குறைக்கும் கருவி. காய்கறிக் கடையில்தான் உண்மையான தடை. கால் கிலோவுக்குக் குறைந்து நிறுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. உழவர் சந்தையில் எனக்கு வழக்கமாகக் கத்திரிக்காய் தரும் அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். இப்போது இரண்டு கத்திரிக்காய், ஒரு முருங்கைக்காய், ஒரு துண்டு பூசணி என்று கலந்து கால் கிலோவாக நிறுத்துக் கொடுக்கிறார். கேட்டால் கிடைக்கிறது.

முதலில் மீண்டது: அரிசிம்பருப்பு

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை ஆழாக்கை இறக்கிப் புளி போட்டுத் துலக்கினேன். தலைதட்டி எடுத்து எடைபோட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய 140 கிராம் அரிசி இருந்தது. எனக்கு ஒரு நாளைக்கு அது போதும். ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு.

கொங்கு நாட்டில் வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில் செய்வது அரிசியும் பருப்பும் சேர்ந்த சோறு. பேச்சில் அது அரிசிம்பருப்பு. ஒரே பாத்திரத்தில் முடிவதால் தனியாள் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் காணவில்லை. அரை ஆழாக்கு அரிசி, 25 கிராம் துவரம்பருப்பு இரண்டையும் களைந்து கால் மணி நேரம் ஊற வைக்க வேண்டும். சிறிய குக்கரில் கடுகு, சீரகம், நான்கைந்து மிளகு, ஒரு வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஆறு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீரும் மேலே சொன்ன அரை டம்ளரும் ஊற்றி மூன்று விசில் விட வேண்டும். திறந்ததும் ஒரு கரண்டி நெய். ராசிபுரத்தில் இருந்துகொண்டு நெய்யைப் பற்றி விளக்கம் எழுதத் தேவையில்லை.

இதில் ஓர் அறிவும் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைவு. பருப்பில் குறையும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இந்தப் பாடத்தை எட்டாம் வகுப்பில் நடத்தியபோதெல்லாம் என் மதிய உணவுப் பெட்டியில் இருந்ததும் அதுதான் என்று ஒருநாளும் நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

கொள்ளு: ஒருமுறை வேக வைத்து மூன்று வேளை

தனியாள் சமையலில் சலிப்பு வருவது சமைப்பதால் அன்று. நேற்றைய குழம்பையே இன்றும் நாளையும் உண்பதால். அதற்கு நான் கண்ட வழி, ஒரே பொருளை ஒருமுறை வேக வைத்து வேறு வேறு உருவில் உண்பது. கொள்ளு அதற்கென்றே விளைந்ததைப் போல இருக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியின் மானாவாரி நிலங்களில் கடைசி மழையை நம்பி விதைக்கும் பயிர் இது. நூறு கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். இரும்புச் சத்தும் உண்டு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியால் மெலிந்தவர்களுக்கு இது ஆகாது என்று எண்ணியிருந்தேன். என் எடை 55 கிலோ. எனக்கு ஆகாமல் போகவில்லை.

90 கிராம் கொள்ளை இரவு ஊற வைத்துக் காலையில் நிறையத் தண்ணீரில் குழைய வேக வைப்பேன். தண்ணீரை வடித்து வைத்துக்கொண்டால் அது ரசத்துக்கு. வெந்த கொள்ளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு, வரமிளகாய், கொத்தமல்லி விதை வதக்கிச் சேர்த்து மத்தால் கடைந்தால் மதியச் சோற்றுக்குக் கொள்ளுக் கடைசல். வடித்த நீரில் புளிக்கரைசல், நசுக்கிய மிளகு சீரகம், ஒரு கைப்பிடி வெந்த கொள்ளை அரைத்த விழுது சேர்த்து நுரை கட்டியதும் இறக்கினால் இரவுக்கு ரசம். மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் மாலையில் தேங்காய் போட்டுச் சுண்டலாகத் தாளிப்பேன். ஒருமுறை அடுப்பு; மூன்று வேளை; மூன்று சுவை.

இதனுடன் ஒரு விதி. பருப்பு, கீரை வகைகளிலுள்ள இரும்பை நம் குடல் எளிதில் உறிஞ்சாது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ தக்காளியோ இருந்தால், அவற்றின் வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டுகிறது. தேநீரிலுள்ள டானின் அதைத் தடுக்கிறது. உண்டதும் தேநீர் குடிக்கும் என் நாற்பது ஆண்டுப் பழக்கத்தைக் கைவிட்டு, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கக் கற்றேன். இந்த ஓராண்டில் நான் செய்தவற்றில் கடினமானது இதுதான்.

நாமக்கல்லின் ஒற்றை ஆள் உணவு

இயற்கையே ஒருவருக்கென அளந்து, மூடி போட்டுக் கொடுத்த உணவு முட்டை. மிச்சம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகும் நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு, முதியவர்கள் புரதக் குறைவால் மெலிகிறார்கள் என்பது விந்தையான செய்தி. தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் முட்டை சேர்ந்தது 1989இல். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. இன்று பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும். முட்டை வாங்கும் வரிசையில் பிள்ளைகளை நிறுத்தி ஒழுங்குபடுத்தியவள் நான். அந்த வரிசையில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று ஓய்வுபெற்ற பின்தான் புரிந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைக்கும் புரதம், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். வயதாக ஆகத் தசை கரைவதால் முதியவர்களுக்கு 1 கிராமுக்கு மேல் வேண்டும் என்று சொல்லும் வல்லுநர்களும் உண்டு. 55 கிலோ எடைக்குக் குறைந்த கணக்கே ஏறக்குறைய 46 கிராம். ரஸ்க்கும் தேநீரும் கடை இட்டிலியும் அதில் பாதியைக்கூடத் தரவில்லை. இப்போதைய என் கணக்கு இது: ஓர் ஆழாக்கு அரிசியில் 10 கிராம், காலையில் 50 கிராம் ராகியிலோ சாமையிலோ 4, இரண்டு முட்டையில் 12, 30 கிராம் கொள்ளில் 6, பாலும் தயிருமாக 300 மில்லியில் 9, 20 கிராம் நிலக்கடலையில் 5. கூட்டினால் 46. இதில் விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை. இந்தச் சமவெளியில் கிடைக்காததும் எதுவும் இல்லை.

எனக்குப் பிடித்த முட்டைக் குழம்பு, அவித்துப் போடுவதன்று, உடைத்து ஊற்றுவது. எட்டுச் சின்ன வெங்காயமும் ஒரு தக்காளியும் வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் போட்டு, இரண்டு கரண்டி தேங்காய் அரைத்து ஊற்றிக் கொதிக்க விட வேண்டும். தீயைக் குறைத்த பிறகு முட்டையைக் குழம்பின் மேற்பரப்புக்கு அருகே கொண்டுபோய் உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடி வைத்தால் ஐந்தாறு நிமிடங்களில் வெந்துவிடும். தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றினால் வெண்கரு சிதறிக் குழம்பெல்லாம் நூலாகப் பிரியும். புரதம் மெல்லிய சூட்டில் திரண்டால்தான் மென்மையாக இருக்கும் என்பது இதன் அறிவியல்.

மாதம் இருமுறை கால் கிலோ கோழி வாங்குகிறேன். காவிரிக்கரையில் ஈரோட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் சிக்கனுக்கு மசாலாப் பொடி எதுவும் வேண்டாம். எலும்போடு சிறிதாக நறுக்கிய கறி, கைநிறையச் சின்ன வெங்காயம், விதை உதறிய வரமிளகாய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை. கறியில் ஊறும் நீரிலேயே வேக வேண்டும். பொருள் குறைவாக இருப்பதால் ஒருவருக்குச் செய்வதிலும் தொல்லை குறைவு.

தோற்ற பண்டங்களும் கிழங்கின் அவசரமும்

எல்லாம் கைகூடிவிடவில்லை. ராகிக் களி ஒருவருக்கு வரவேயில்லை. களி திரண்டு வருவதற்கு மாவின் கனம் வேண்டும். ஒரு கைப்பிடி மாவு துடுப்பில் ஒட்டிக்கொண்டு பாத்திரத்தோடு சுழன்றது. நான்கு முறை முயன்று விட்டுவிட்டேன். இப்போது இரவே ராகி மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் கூழாகக் காய்ச்சி, மோரும் வெங்காயமும் சேர்த்துக் குடிக்கிறேன். நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. களியானாலும் கூழானாலும் அது மாறாது. கொல்லிமலைச் சாமை அப்படி முரண்டு பிடிப்பதில்லை. ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீரில் கால் மணி நேரத்தில் வெந்து, கொஞ்சமாகச் செய்தாலும் உதிரியாக வருகிறது.

எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளியில் வேறு வகைச் சிக்கல். தோண்டிய இரண்டு மூன்று நாட்களுக்குள் உள்ளே நீலக்கோடுகள் ஓடிக் கெடத் தொடங்கும் கிழங்கு அது. ஒரு கிழங்கே ஒருவருக்கு இரண்டு வேளைக்கு வரும். இந்த அவசரத்தால்தான் சேலத்தில் ஒரு தொழிலே எழுந்தது எனலாம். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943இல் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முயற்சி சேலத்தில் தொடங்கியது. அங்கே பனை இனத்து மரத்தின் சோற்றிலிருந்து எடுத்ததை, இங்கே கிழங்கிலிருந்து எடுத்தார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கெடும் கிழங்கைக் கெடாத மணியாக்கி வடநாட்டு விரத நாட்களுக்கு அனுப்பும் மண் இது.

என் அளவில் செய்வது எளிது. கிழங்கு வாங்கிய அன்றே முழுவதையும் தோலுரித்து நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேக வைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுகிறேன். மரவள்ளியில் சயனைடு தரும் சேர்மம் இருப்பதால் இந்த நீரைக் கொட்டுவது கட்டாயம். பாதியை அன்றே கடுகு, வரமிளகாய் தாளித்துத் தேங்காய்த் துருவலோடு. மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் மசித்து அடையாக.

மிச்சச் சோற்றிலும் ஓர் எச்சரிக்கை. வடித்த சோற்றைச் சித்திரை வெயிலில் மாலை வரை அப்படியே வைத்துவிட்டுச் சூடாக்கி உண்பது ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும் சூட்டிலும் சாவதில்லை. அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சில் ஒருவகை, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய பழைய சோற்றின் கதை வேறு. அதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றி, கெடுக்கும் கிருமிகளை அடக்குகின்றன. சோறு ஆறியதும் நல்ல தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும் என்று பெரியவர்கள் வைத்த ஒழுங்கு காரணமுள்ளது.

மாம்பழத்தின் கொட்டை

இந்த ஓராண்டில் எனக்கு விடை தெரியாமல் போன ஒரு கேள்வி உண்டு. மகள் தொலைபேசியில் கேட்டாள்: “உனக்கு என்னம்மா பிடிக்கும்? அதைச் செஞ்சு சாப்பிடேன்.” மாமனாருக்குக் கருவாட்டுக் குழம்பு, மாமியாருக்குப் பச்சைப்பயறு கடைசல், கணவருக்கு எண்ணெய்க் கத்திரிக்காய், மகனுக்கு முட்டை, மகளுக்குச் சந்தகை என்று ஐவரின் பட்டியலையும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் பெயருக்கு நேரே எழுத ஒன்றும் இல்லை.

தியாகம் என்று யாரும் இதைப் புகழ வேண்டாம். இது ஒரு கணக்கு. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிட்டது 299 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97. பந்தியில் கடைசியாக அமர்பவளும் அந்தப் பெண்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கடைசிப் பந்தியிலேயே வாழ்நாளைக் கழித்த பெண் முதுமையில் தனியாகும்போது, தனக்கு முன்னால் உண்ண யாரும் இல்லாததால் தானும் உண்ணாமல் இருந்துவிடுகிறாள். ஆண்களின் நிலை வேறு வகை. எங்கள் தெருவில் மனைவியை இழந்த ஒரு பெரியவருக்கு அடுப்பைப் பற்றவைக்கவே தெரியவில்லை. அவர் பசியும் என் பசியும் ஒரே இடத்தில், அதே கடை இட்டிலியில் வந்து நின்றன.

வைகாசியில் சேலம் சென்றபோது ஒரே ஒரு மல்கோவா வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் மாம்பழம் அறுத்தால் கதுப்புகள் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும், கொட்டை எனக்கு. அதைச் சப்பிச் சப்பி, கொட்டைதான் இனிப்பு என்று நானே எல்லாரிடமும் சொல்லி, நம்பியும் விட்டிருந்தேன். அன்று தட்டில் இரண்டு கதுப்புகளும் கொட்டையும் இருந்தன. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. பழக்கத்தில் கை கொட்டைக்குத்தான் போனது. பிறகு கதுப்பை எடுத்துத் தின்றேன். கதுப்புதான் இனிப்பு.

அன்றிரவு மகளுக்குச் சொன்னேன்: எனக்கு மல்கோவா பிடிக்கும், உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பு பிடிக்கும், கருவாடு பிடிக்காது. முப்பது ஆண்டுகள் வாரந்தோறும் நான் வைத்த குழம்பு அது.

கேட்க வேண்டிய கேள்வி

ஜப்பானியர் தனித்து உண்பதற்கு ‘கோஷோகு’ என்று ஒரு சொல்லையே வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அதற்குச் சொல் இல்லை. ஆனால், அந்த நிலை வந்துவிட்டது. அரசு புதிதாக ஒரு திட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருப்பவற்றில் சிறு மாற்றங்கள் போதும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தனியாக வாழும் முதியவரிடம், என் மருத்துவர் கேட்ட அதே கேள்வியை அவர்களும் கேட்கலாம்: நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்? பதிலைப் படிவத்தில் எழுத ஒரு கட்டம் போதும். சேலம் மாநகரில் அம்மா உணவகங்கள் இருக்கின்றன. ராசிபுரம் போன்ற ஊர்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. கடைசல், சுண்டல், கூழ் என்று ஒரு வேளைக்கான அளவில் அவர்கள் செய்து விற்றால் வாங்க ஆள் உண்டு. ‘கால் கிலோவுக்குக் குறைவில்லை’ என்ற பலகை சந்தைகளில் தளரலாம். பள்ளியில் ஆண், பெண் வேறுபாடின்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் சோறும் பருப்பும் முட்டையும் சமைக்கக் கற்றுக் கொடுக்கலாம். அது வீட்டுவேலைப் பயிற்சி அன்று. பிற்காலத்தில் உயிர்காக்கும் பயிற்சி.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் எந்தத் தாயும் ஆச்சு என்றுதான் சொல்வாள். நானும் மூன்று மாதங்கள் அப்படித்தான் சொன்னேன். “என்ன சாப்பிட்டே?” என்று கேளுங்கள். பொய் சொல்ல நேரமாகும்.

போன மாதம் மீண்டும் ரத்தப் பரிசோதனை செய்தேன், 11.8 கிராம். மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு. இன்னும் தொடர வேண்டும் என்றார் மருத்துவர். வீடு திரும்பியபோது வாசலில் பக்கத்து வீட்டு அம்மாள் நின்றிருந்தார். அவருடைய மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். மகன் வெளியூர் வேலையில். “ராத்திரிக்கு என்னங்க?” என்று கேட்டேன். “ஒருத்திக்கு என்னத்தைங்க டீச்சர்...” என்று இழுத்தார். உள்ளே போய், ஆழாக்கை இம்முறை தலைதட்டி நிரப்பி அரிசி அளந்தேன். அன்று அரிசிம்பருப்பு இருவருக்கு.